ருக்குமணி திருடிய சேலை

மலாய் தேசத்து ஆயர் ஈத்தாம் ஆற்று வண்ணாந்துறையில் ருக்குமணியிடம் வாயைக் கொடுத்து மானத்தோடு திரும்பியவர் யாருமில்லை. கறுத்து ஒடிசலான உடம்பு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கயிறு முறுக்கினாற்போல நரம்பு ஓடும். விரல் நுனிகள் சவுக்காரத்தில் ஊறி ஊறி வெளுத்துக் கிடக்கும். புருஷன் முனுசாமி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆவதற்குள், கொழுந்தன் அய்யாக்கண்ணு அண்ணனுடைய துவைகல்லைத் தன் பக்கம் உருட்டிக்கொண்டு போனான்.

"தாலியறுத்தவளுக்குத் தனிக் கல்லு எதுக்கு?" என்றான்.

ருக்குமணி துறைக்காரர்கள் அத்தனை பேரையும் கூட்டினாள். நாலு பேர் நடுவில் அவனை நார்நாராகக் கிழித்து, அதே கல்லை அவன் கையாலேயே திரும்ப உருட்டி வைக்கச் செய்தாள். அது 1928-ல். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றது, சண்டை நிற்கவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கல். ஒரே வெள்ளாவி அடுப்பு. காயப்போடும் புல்வெளியும் ஒன்றே. அவள் கல்லைப் பார்த்துப் பேசுவாள். "ஏ கல்லே, சிலதுங்க அடுப்புச் சாம்பலை அள்ளி என் கொடிப் பக்கமே கொட்டுதுங்க. கை வெளங்குமா?" அவன் தன் இஸ்திரிப் பெட்டியிடம் பதில் சொல்லுவான். "பெட்டி, நாய் குரைச்சா சூரியன் மறைஞ்சிருமா?" இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

இத்தனை வாய்க்காரி ஒரு விஷயத்தில் மட்டும் ஊமை. டத்தோ கிராமாட் பக்கம் பதினாறு வீட்டு அழுக்கு மூட்டை அவளிடம் வரும். எந்த வீட்டுக் கைக்குட்டையில் ரத்தம் ஒட்டியிருக்கிறது, எந்த ஆபீஸ் குமாஸ்தாக் கிராணியின் சட்டையில் வேறு வீட்டுப் பவுடர் மணக்கிறது, எந்த மருமகளின் முந்தானை தினமும் கண்ணீரில் நனைகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றும் வெளியே வராது. மூட்டை அவிழ்க்கிறவளுக்குக் கண் உண்டு, நாக்கு கிடையாது என்பது முனுசாமி அவளுக்குச் சொன்ன முதல் பாடம். அதை அவள் சாமி வாக்காகவே வைத்திருந்தாள்.

1930 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் காலை, துறைக்கு மோட்டார் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அந்தோணிராஜ் கிராணி. கோட்டும் டையும் போட்டவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரர். அவருக்குப் பின்னால் நெட்டையாக ஒரு வெள்ளைக்காரி. பெயர் மிஸ் வின்ட்ரப். வந்து ஒரு வாரத்திலேயே ஊர் அவளுக்குத் 'துணித் துரைசானி' என்று பெயர் வைத்துவிட்டது.

அந்தோணிராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சீமையில ஒரு பெரிய சர்வகலாசாலை. அங்க உடுப்புகளுக்குன்னே தனி மண்டபம் இருக்கு. நூறு வருஷத்துக்கு முந்தின கவுன், தொப்பி, பூட்ஸ் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறாங்க. இப்ப கிழக்கு தேசத்து உடுப்பும் சேர்க்கணும்னு மிஸ்ஸை அனுப்பியிருக்காங்க. மலாய்க்காரங்க துணி, சீனங்க துணி கிடைச்சாச்சு. நம்ம ஜனங்க துணிதான் பாக்கி."

"அதுக்கு ஜவுளிக்கடைக்கில்ல போகணும்?" என்றான் ஒருவன்.

"புதுசு வேணாம். உடுத்தினது, உடுத்தினபடியே வேணும். வேர்வை, கறை, கிழிசல் எல்லாத்தோடவும். துவைக்கவே கூடாது."

துறையே சிரித்தது. ருக்குமணி சிரிக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"துவைக்காத துணி வேணும்னா வண்ணாந்துறைக்கு எதுக்கய்யா வந்தீங்க?"

"இந்தாம்மா, மரியாதையாப் பேசு. எது யாருடைய துணி, என்ன காரியத்துக்கு உடுத்தினது, எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்? அதைச் சொன்னா நான் அட்டையில எழுதி வைப்பேன்."

"அதைச் சொல்ற வாய் என்கிட்ட இல்லை. வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. புழுதி காயப்போட்ட துணியில விழுது."

துரைசானிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அவளும் புன்னகை செய்யவில்லை. குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள்.

மறு வாரத்திலிருந்து அய்யாக்கண்ணு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு துரைசானி தங்கியிருந்த நார்தம் ரோட்டு பங்களாவுக்குப் போய்வர ஆரம்பித்தான். திரும்பி வந்து துறை முழுக்கச் சொல்லுவான். "நாற்காலியில உட்கார வச்சாங்கடா! முதுகு சாயற நாற்காலி. தேத்தண்ணி குடுத்து, நான் சொல்லச் சொல்ல ஒரு வெள்ளைக்காரி எழுதிக்கிறா!"

ருக்குமணி கல்லில் துணியை ஓங்கி அறைந்தாள். "கேட்டியா கல்லே, நாற்காலியில உட்கார்ந்தா நாக்குல எலும்பு முளைக்காதாம்."

*

அக்டோபர் மழையில் டத்தோ கிராமாட் ரோட்டுப் பழனியப்பப் பிள்ளை வீட்டிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. பிள்ளை ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் கிராணி. ஊரில் நாலு கூட்டத்துக்கு மாலை வாங்குகிற மனுஷர். அவர் சம்சாரம் ஜெயலெட்சுமிக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு பிள்ளை பிறந்து பிறந்து போய்விட்டன. மூன்றாவது எட்டாம் மாதத்தில், அன்று விடியற்காலை, உயிரில்லாமல் பிறந்திருந்தது. அக்கம்பக்கத்துக்கு 'அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல்' என்று சொல்லியிருந்தார்கள்.

பின்கட்டில் ஜெயலெட்சுமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூட்டையை எடுக்க ருக்குமணி குனிந்தபோது திரும்பினாள்.

"நாகப்பட்டணத்தில இவரோட அண்ணன்மாரு ரெண்டாந்தாரத்துக்குப் பொண்ணு பார்த்து வச்சிருக்காங்க. மூணாவதும் போச்சுன்னு காதுல விழுந்தா என்னைக் கப்பலேத்தி விட்ருவாங்க. வெளிய தெரியக் கூடாது, ருக்குமணி."

"என் மூட்டையிலேர்ந்து எதுவும் வெளிய போனதில்லை, தாயி. தூங்குங்க."

பிரசவத்தில் உடுத்திய சேலை வண்ணாத்திக்குச் சொந்தம். ஊர் வழக்கம் அது, கடல் தாண்டியும் மாறவில்லை. நீலக் கரை போட்ட நல்ல சின்னாளப்பட்டிச் சேலை. மற்றத் துணியெல்லாம் வெளுத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும் என்பதால், அவள் அதை ஒரு சாக்கில் தனியாகக் கட்டிக் கொட்டகை ஓரத்தில் வைத்தாள். அன்று இரவு பெருமழை. காலையில் ஆறு கொட்டகை வாசல் வரை வந்து வடிந்திருந்தது. சாக்கைக் காணோம். ஆறு கொண்டுபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். போனதும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது.

*

பிப்ரவரி மாதம் ஒரு மத்தியானம் பழனியப்பப் பிள்ளை வண்ணாந்துறைக்கு நேரில் வந்தார். குடை, மேல்துண்டு, சேறு அப்பிய பூட்ஸ். காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மேலேயே மிதித்துக்கொண்டு நேராக ருக்குமணியிடம் வந்தார். அவள் பார்வை முதலில் விரிப்பில் பதிந்த பூட்ஸ் தடத்துக்குத்தான் போனது.

"என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் மானத்தை வித்துட்டியேடி!"

"என்னங்க பேசறீங்க?"

அவருக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் ஊருக்குத் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு குசுகுசுவென்று சொன்னார். நார்தம் ரோட்டு பங்களாவில், கப்பல் ஏற்றுவதற்கு முன் மூன்று நாள் துணிகளைப் பார்வைக்கு வைத்திருந்தாள் துரைசானி. பிள்ளை தன் கல்யாணத் தலைப்பாகையைப் பெருமையோடு கொடுத்திருந்ததால் அவருக்கும் அழைப்பு வந்தது. ஆபீஸ் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு போனார். தலைப்பாகைக்கு அடுத்து மூன்றாவதாக நின்ற, துணி மாட்டும் மரப் பொம்மையில் அந்தச் சேலை இருந்தது. கறையோடு. கீழே இங்கிலீஷில் ஒரு அட்டை: டத்தோ கிராமாட் ரோடு பழனியப்பப் பிள்ளையின் மனைவி, மூன்றாவது குழந்தை இறந்து பிறந்தபோது உடுத்தியது. துவைக்கப்படாதது.

"ஆபீசே வாசிச்சுது. என் முன்னாடியே வாசிச்சுது."

"நான் விக்கல."

"உனக்குத் தவிர யாருக்குத் தெரியும்? வண்ணாத்தி புத்தியைக் காட்டிட்டே."

பக்கத்துக் கல்லில் துணி அடிக்கிற சத்தம் நின்றுபோயிருந்ததை ருக்குமணி அப்போதுதான் கவனித்தாள். அய்யாக்கண்ணு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தான். அந்த முதுகைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் பிள்ளையிடம் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. 'வண்ணாத்தி புத்தி' என்ற பிறகு அந்த மனுஷனுக்குப் பதில் சொல்ல அவளுக்கு மனமில்லை.

பிள்ளை போன பிறகு, இரண்டு வருஷத்துக்கப்புறம் முதல்முறையாகக் கொழுந்தன் முகத்துக்கு நேராகப் பேசினாள்.

"ஆத்துல போச்சுன்னு நெனச்சேனே, பாவி. நீதானா?"

"தூக்கிக் கடாசற துணிதானே அண்ணி? பிள்ளை வீட்டில குழந்தைச் சத்தமே இல்ல, பிரசவச் சேலை மட்டும் வருது, என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"துணியை எடுத்தது போகட்டும்டா. யாருது, என்ன எதுன்னு எதுக்குச் சொன்னே?"

அவன் எழுந்தான். கண் சிவந்திருந்தது. "அவ கேட்டா, சொன்னேன். பொறந்ததிலேர்ந்து நம்மகிட்ட எவன் என்ன கேட்டிருக்கான்? 'மூட்டை எங்க, ஏன் லேட்டு', இதானே? அந்தப் பிள்ளை ஒரு நாளாவது உன்னை முன்வாசப்படி தாண்டி விட்டிருக்கானா? அவன் மானத்துக்கு நீ எதுக்கு அழறே?"

"அவன் மானம் எக்கேடும் கெட்டுப்போகட்டும். அந்தப் பொண்ணு என்னை நம்பிக் குடுத்தா." அவள் ஈர முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீ உட்கார்ந்த நாற்காலியில பேதி போக."

*

நார்தம் ரோட்டுக்கு நடந்தே போனாள். கேட்டில் தோட்டக்காரன் தடுத்தான். அவள் பார்த்த ஒரு பார்வையிலேயே ஒதுங்கினான். கூடம் முழுக்கத் தலையில்லாத மரப் பொம்மைகள் நின்றன. தெரிந்த துணிகள்! அவள் கஞ்சி போட்ட ஜிப்பா, அவள் கறை எடுத்த பாவாடை, எல்லாம் அழுக்கோடு, கக்கத்தில் மஞ்சள் பூத்து, மானம் கெட்டு நின்றன. நடுவில் நீலக் கரைச் சேலை. நாலைந்து வெள்ளைக்காரப் பெண்கள் அதன் முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தோணிராஜ் ஓடிவந்தார். "இங்க எல்லாம் வரக் கூடாதும்மா."

"அந்த அட்டையைக் கிழிங்க."

துரைசானி வந்தாள். அவர் மொழிபெயர்த்தார். துரைசானி நிதானமாக, குரல் உயராமல் பேசினாள். அந்தக் குரலே ருக்குமணிக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"மிஸ் சொல்றாங்க, இந்த மாதிரித் துணி எந்த தேசத்துக் கூடத்திலயும் இல்லையாம். பட்டும் சரிகையும் எல்லாரும் சேர்த்து வைப்பாங்க. ஒரு சாதாரணப் பொம்பளையோட கஷ்டத்தை யாரும் சேர்த்து வைக்கிறதில்லையாம். பேரும் தெருவும் இல்லாட்டி அது வெறும் கந்தல்னு சொல்றாங்க. சேலையை முறைப்படி உன் கொழுந்தன்கிட்ட வாங்கியிருக்காங்க."

"அவன் யாரு விக்க? சேலை என்னுது."

அந்தோணிராஜ் இதை மொழிபெயர்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. துரைசானியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ருக்குமணி சுற்றிலும் பார்த்தாள். மூலையில் ஒரு பொம்மையில் வெள்ளைச் சேலை, சரிகைக் கரை, மடிப்புக் கலையாமல் நின்றது. கிராணியின் சம்சாரம் அமலம்மாள் கோயிலுக்கு உடுத்துகிறது. ருக்குமணியே நீலம் போட்டு இஸ்திரி போட்டுக் கொடுத்தது.

"ஏன் கிராணியாரே, உடுத்தினது உடுத்தினபடி வேணும்னு சொன்னீங்க. உங்க வீட்டம்மா சேலை மட்டும் வெளுப்புக்குப் போய் வந்து நிக்குதே?"

அவர் முகம் செத்துப்போயிற்று. "போயிரு. போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க."

அவள் சேலையைப் பிடித்து ஒரே இழுப்பு. பொம்மை சாய்ந்து தரையில் மோதியது. ஒரு வெள்ளைக்காரி வீல் என்றாள். ருக்குமணி பின்வாசல் வழியாக இறங்கினாள். பங்களாத் தோட்டத்தைத் தாண்டினால் கடல். சுவரில் படிக்கட்டு இருந்தது. முட்டியளவு தண்ணீரில் இறங்கிச் சேலையை முக்கினாள்.

பழைய ரத்தத்துக்கு வெந்நீர் எமன். கறையை நூலுக்குள் சுட்டு இறக்கிவிடும். பச்சைத் தண்ணீர் வேண்டும், உப்பு வேண்டும், கையில் பலம் வேண்டும். கடலில் முதல் இரண்டும் இருந்தன. கடைசிப் படிக்கல்லில் சேலையை ஓங்கி அடித்தாள். பிழிந்தாள். மறுபடி முக்கினாள். சுவர் மேல் நின்ற துரைசானியின் நிதானமெல்லாம் போயிருந்தது. இரண்டு கையையும் நீட்டிக் கத்தினாள். அந்தோணிராஜ் பூட்ஸைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டே, "அழிக்காதேன்னு சொல்றாங்க! அழிக்காதே!" என்றார்.

"அழிக்கல. வெளுக்கறேன். என் தொழிலு."

சீக்கியப் போலீஸ்காரர் வந்து சேர்வதற்குள் கறை, தேத்தண்ணீர் சிந்தியதுபோல மங்கிவிட்டது. இனி அது எந்தக் கறை என்று எவனாலும் சத்தியம் செய்ய முடியாது. அவள் சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு தானாகவே படியேறி வந்தாள்.

*

கோர்ட்டில் சேலையை மடித்து மேஜை மேல் வைத்திருந்தார்கள். துரைசானி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வாசலோரத்தில் பழனியப்பப் பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

அய்யாக்கண்ணு சாட்சிக் கூண்டில் ஏறினான். சேலை அவனுக்கு எப்படி வந்தது, யார் உடுத்தியது, அதில் என்ன கறை இருந்தது என்று வரிசையாகச் சொல்லும்படி மாஜிஸ்திரேட் துரை கேட்டார். குற்றவாளிக் கூண்டிலிருந்த ருக்குமணி கணக்குப் போட்டாள். சேலை தன்னுடையது என்று நிரூபிக்க ஒரே வழி, வழக்கத்தை எடுத்துச் சொல்வது. வழக்கத்தைச் சொன்னால் பிரசவத்தைச் சொல்ல வேண்டும். அட்டையை ஓர் ஆபீஸ் வாசித்தது. கோர்ட்டில் சொன்னால் ஊர்ப் பத்திரிகையில் வரும், பத்திரிகை நாகப்பட்டணம் வரை போகும். வாசலில் நிற்கிற பிள்ளை ஒரு வார்த்தை பேசப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அய்யாக்கண்ணு வாயைத் திறந்தான். "அந்தச் சேலை வந்துங்க துரை, டத்தோ கிராமாட்டு..."

"நான்தான் திருடினேன்!" கூண்டிலிருந்து ருக்குமணி போட்ட சத்தத்தில் சேவகன் கையிலிருந்த காகிதம் விழுந்தது. "துரைசானியோட சேலை. நான் எடுத்தேன். எழுதிக்குங்க. அவன்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாம்."

குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு சாட்சி எதற்கு? அய்யாக்கண்ணுவை இறக்கிவிட்டார்கள். அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அபராதம், இல்லாவிட்டால் பதினைந்து நாள் என்றார் துரை. "உள்ளே போறேன்" என்றாள். அவள் வாசலைப் பார்த்தபோது அங்கே குடை இல்லை.

சேலை துரைசானிக்கே திரும்பிப் போயிற்று. அவள் அதை விரித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அந்தோணிராஜிடம் எறிந்தாற்போலக் கொடுத்ததைச் சேவகன் பிறகு வந்து சொன்னான். கறை இல்லாத சேலைக்குக் கதை எழுத முடியாதாம். 'தமிழ்ப் பெண்ணின் பருத்திச் சேலை' என்று மட்டும் புது அட்டை எழுதிக் கப்பலில் ஏற்றினார்களாம். அதைக் கேட்டு ருக்குமணி ஜெயிலில் கைதிகளின் முரட்டுத் துணியைத் துவைத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். பதினைந்து நாளில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

வெளியே வந்தபோது பதினாறு வீட்டில் பதினொன்று போயிருந்தது. திருட்டுப் பட்டம் கட்டிக்கொண்டவளிடம் யார் துணி போடுவார்கள்? பிள்ளை வீட்டு மூட்டை சீன லாண்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெயலெட்சுமியிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வரும் என்று ருக்குமணி முதல் மாதம் முழுக்க எதிர்பார்த்தாள். இரண்டாவது மாதம் எதிர்பார்த்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அய்யாக்கண்ணு ஒரு நாள் அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றான். "அண்ணி, கோர்ட்டுல நான் பேரைச் சொல்லியிருக்க மாட்டேன்."

"சொல்லியிருப்பே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனான். அடுத்த வாரம் அவள் கல்லை விட்டுவிட்டு, தன் இஸ்திரிப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு கடலுக்கு அக்கரைக்குப் படகேறினாள். அங்கே பிறை என்ற ஊரில் ரயில்வே குடித்தனங்களில் வெளுப்பு வேலை கிடைத்தது. கரியும் எண்ணெயும் படிந்த காக்கித் துணி. அதில் ரகசியம் எதுவும் இல்லை, வெறும் அழுக்குதான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

நாலு வருஷம் கழித்து, 1935-ல், பிறை ஸ்டேஷனில் மெயில் வண்டிக்குக் காத்திருந்த கூட்டத்தில் பழனியப்பப் பிள்ளையைப் பார்த்தாள். கூடவே ஜெயலெட்சுமி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வயதுப் பெண் குழந்தை. நாகப்பட்டணத்துக்கு அவளைக் கப்பலேற்றவில்லை, அப்படியானால். ருக்குமணி மூட்டையோடு நின்றுவிட்டாள்.

ஜெயலெட்சுமியும் பார்த்தாள். உதடு அசைந்தது. அதற்குள் பிள்ளை மனைவியின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். "அங்க என்ன பார்வை? ஜெயிலுக்குப் போய் வந்தவ அவ. பையைப் பத்திரமாப் பிடி." ருக்குமணியின் காதில் விழும்படியேதான் சொன்னார்.

ஜெயலெட்சுமி திரும்பிக்கொண்டாள்.

ருக்குமணிக்கு நாக்கு நுனி வரை வந்தது. நாலு வார்த்தை போதும், அந்த மேல்துண்டு ஸ்டேஷன் நடுவில் அவிழ்ந்து விழுந்திருக்கும். அவள் சொல்லவில்லை. குழந்தையின் வெள்ளைக் கவுனை மட்டும் உற்றுப் பார்த்தாள். கழுத்துப் பட்டியில் சவுக்காரம் சரியாக அலசாமல் மஞ்சள் வரி ஓடியிருந்தது. இடுப்பு மடிப்பில் இஸ்திரி சுட்ட தடம்.

"தூ, இதுவும் ஒரு வெளுப்பா" என்று வெற்றிலைச் சாற்றைத் தண்டவாளத்தில் துப்பிவிட்டு, மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தாள். அந்த அற்ப சந்தோஷம் அவளுக்கு ஒரு வாரம் வரை தாங்கியது.